“நெட் கம்பெனியில இருந்து பேசுறோம்”னு வர்ற போன்: எதை வெச்சுக் கண்டுபிடிக்கிறது?

ஜூலை 19, 2025. காங்கேயத்திலிருந்து கேள்வி

இணைப்பு யார் பேர்ல இருக்கு, என்ன பிளான், பில் எத்தனாம் தேதி வரும், மூணையும் சரியாச் சொல்லிக் கூப்பிடுறாங்க. காத்துக்கு லைன் விட்டு விட்டு வர்றதும் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. “இங்கிருந்தே சரி பண்றோம், போன்ல ஒரு ஆப் மட்டும் போட்டுக்குங்க”ங்கிறாங்க. இத்தனை விவரம் சொல்றவங்க கம்பெனி ஆளாத்தானுங்களே இருக்கோணும்?

ஜூலை 19, 2025. திருப்பூர்

இல்லீங்க. ஆப் போடச் சொன்ன இடத்திலேயே அது முடிவாகிவிட்டது.

பெயர், பிளான், பில் தேதி மூன்றும் ரகசியமே கிடையாது. குப்பையில் எறிந்த பில், “மூணு நாளா நெட் இல்லை, என் நம்பர் இது” என்று சமூக வலைத்தளத்தில் போட்ட புகார், கைமாறித் திரியும் வாடிக்கையாளர் பட்டியல், இதில் ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும்.

லைன் விட்டு விட்டு வருவது கூப்பிடுகிறவனுக்குத் தெரியாது. இது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கமெல்லாம் கம்பத்தில் தொங்கும் கேபிளை ஆட்டிக்கொண்டே இருக்கிறது. நூறு வீட்டுக்குக் கூப்பிட்டு “நெட் சரியா வரலைங்களா” என்று கேட்டால் நாலு வீட்டிலாவது “ஆமாங்க” என்பார்கள். அந்த நாலு பேர்தான் அவனுக்கு வேண்டும். “ஆமாங்க” சொன்ன பிறகு எப்போது போனது, எந்த லைட் எரிகிறது என்று மிச்சத்தையும் நாமே கொடுத்துவிடுகிறோம். ஐந்து நிமிடம் கழித்து அதையே தான் கண்டுபிடித்த மாதிரி நமக்குத் திருப்பிச் சொல்வான்.

ஜூலை 19, 2025. திருப்பூர், தொடர்ச்சி

எதனால் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு ஃபைபர் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

வீட்டில் இருக்கும் பெட்டி ஓஎன்டி. அதற்கு ஒரு வரிசை எண் உண்டு. எதிர்முனையில், ஆபரேட்டர் அறையில் இருப்பது ஓஎல்டி. இரண்டும் எந்நேரமும் பேசிக்கொண்டே இருக்கும். இழை அறுந்தால் ஓஎல்டியில் அலாரம் விழும். வீட்டில் கரண்ட் போனால்கூட, பெட்டி அணைவதற்கு முன்னால் கடைசியாக ஒரு செய்தி அனுப்பிவிட்டுத்தான் அணையும். ஆக, இழை அறுந்ததா, கரண்ட் இல்லையா என்பது அங்கே உட்கார்ந்திருப்பவருக்கே தெரியும். பெட்டியை ரீஸ்டார்ட் பண்ணுவது, பல நிறுவனங்களில் வைஃபை பாஸ்வேர்டு மாற்றுவது, எல்லாமே அங்கிருந்து அந்த இழை வழியாகத்தான் நடக்கும்.

இதில் உங்கள் கைபேசிக்கு எந்த வேலையும் இல்லை. கைபேசித் திரையைப் பார்த்து ஃபைபரைச் சரிபண்ண முடியாது. உண்மையான ஆள் கேட்பது நாலே விஷயம்: எந்த லைட் எந்த நிறத்தில் எரிகிறது, ஸ்விட்சை அணைத்துப் போட்டீர்களா, ஒயர் எங்காவது மடங்கியிருக்கிறதா, வீட்டில் எப்போது ஆள் இருப்பார்கள். பேச்சு பெட்டியை விட்டுக் கைபேசிக்கோ வங்கிக்கோ நகர்ந்தால் போனை வைத்துவிடுங்கள். விளக்கம் கேட்க வேண்டாம், வாதம் பண்ண வேண்டாம்.

ஜூலை 20, 2025. ஈரோடு

லைட்டை எப்படிப் படிப்பதுன்னும் எழுதுங்க. அது தெரியாததாலதான் போன்ல வர்றவன் சொல்றதை நம்ப வேண்டியிருக்குது.

ஜூலை 20, 2025. திருப்பூர்

பவர் லைட் எரியாவிட்டால் அடாப்டர் அல்லது பிளக். எல்ஓஎஸ் (LOS) என்ற லைட் சிவப்பில் மின்னினால் ஒளி வரவில்லை: இழை அறுந்திருக்கும், மடங்கியிருக்கும், இல்லை கனெக்டர் கழன்றிருக்கும். இதைப் போனில் யாராலும் சரிசெய்ய முடியாது, ஆள் வர வேண்டும். பான் (PON) லைட் நிலையாகப் பச்சையில் எரிந்தால் ஓஎல்டி வரைக்கும் வழி சரி. பான் பச்சையாக இருந்தும் இன்டர்நெட் லைட் இல்லையென்றால் கோளாறு ஆபரேட்டர் பக்கத்திலோ கணக்கிலோ இருக்கிறது. எல்லா லைட்டும் சரி, ஆனால் ஒரு அறையில் மட்டும் மெதுவாக வருகிறதென்றால் அது வைஃபை தூரம்.

கரண்ட் போய் வந்த பிறகு பெட்டிக்கு மூன்று நிமிடம் கொடுங்கள்.

இன்னும் நுட்பமாகப் பார்க்க வேண்டுமானால் உலாவியில் 192.168.1.1 போட்டு உள்ளே போனால் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ஆப்டிகல் பவர் இருக்கும். பல பெட்டிகளில் முகவரியும் பாஸ்வேர்டும் அடியில் ஒட்டியிருக்கும். வரும் ஒளியின் பலம் மைனஸ் 8-க்கும் மைனஸ் 27 டிபிஎம்-க்கும் (ஒளியை அளக்கும் அலகு) நடுவில் இருக்க வேண்டும். மைனஸ் 20 நல்லது. மைனஸ் 26, 27 என்று விளிம்பில் நின்றால்தான் காற்றுக்கு விட்டு விட்டு வரும். லைன்மேனிடம் இந்த எண்ணைச் சொன்னால் அவர் கனெக்டரைத் துடைக்கும் சாமானோடு வருவார்.

கழன்ற இழை முனையைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் 1490 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது லேசர்.

ஜூலை 20, 2025. கோபிசெட்டிபாளையம்

10 இலக்க மொபைல் நம்பரிலிருந்து வந்தாலே போலி. கம்பெனி அப்படிக் கூப்பிடாது. இது ஒன்று போதுமே?

ஜூலை 21, 2025. திருப்பூர்

நம்ம பக்கம் அது செல்லாதுங்க. இங்கே பாதி இணைப்பு உள்ளூர் கேபிள்காரர் கையில் இருக்கிறது. பெரிய நிறுவனத்து இணைப்பாக இருந்தாலும் கடைசி ஒரு கிலோமீட்டர் அவருடையது. லைன்மேன் தன் சொந்த நம்பரிலிருந்துதான் கூப்பிடுவார். மாதப் பணமும் அவருடைய சொந்த யுபிஐக்குத்தான் போகும். “மொபைல் நம்பர் என்றால் போலி” என்று பெரியவர்களுக்குச் சொல்லிவைத்தால் நல்ல லைன்மேனைத் திட்டி வைத்துவிடுவார்கள். கஸ்டமர் கேர் மாதிரித் தெரியும் நம்பரை நம்பிவிடுவார்கள்.

நம்பரை வைத்து எந்தப் பக்கமும் முடிவு பண்ண வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பை இந்திய எண்ணாகக் காட்டும் வித்தை இருக்கிறது. அதைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபரில் ஒரு வடிகட்டி அமைப்பைத் தொடங்கியது. உள்நாட்டில் வேறொருவர் பெயரில் வாங்கிய சிம்மிலிருந்து வருவதை அந்த வடிகட்டி பிடிக்காது.

எண் எதுவாக இருந்தாலும், என்ன கேட்கிறான் என்பதை மட்டும் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் வைத்துவிட்டு, பழைய பில்லில் அச்சடித்திருக்கும் எண்ணுக்கோ, ஏற்கெனவே வீட்டுக்கு வந்த லைன்மேனுக்கோ நீங்களே கூப்பிடுங்கள். கூகுளில் “கஸ்டமர் கேர்” என்று தேடி எடுக்கிற எண் வேண்டாம். அங்கே முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம், வரைபடத்தில் இருக்கும் எண்ணை யாரோ மாற்றியிருக்கலாம்.

ஜூலை 21, 2025. திருப்பூர், விட்டுப்போனது

எஸ்எம்எஸ் விஷயத்தில் எண் உதவும். நிறுவனங்கள் அனுப்புவது, அனுப்பியவர் எண் தெரியும் இடத்தில், எழுத்தால் ஆன தலைப்பில் வரும். 2025 முதல் தலைப்பின் கடைசியில் ஒரு எழுத்தும் சேர்கிறது: எஸ் என்றால் சேவை, டி பரிவர்த்தனை, பி விளம்பரம், ஜி அரசு. “கேஒய்சி முடியவில்லை, இரவு 9 மணிக்கு இணைப்புத் துண்டிப்பு” என்று 10 இலக்க எண்ணிலிருந்து எஸ்எம்எஸ் வந்தால் அது நிறுவனம் அனுப்பியது கிடையாது. “டிராயிலிருந்து பேசுகிறோம், லைனை வெட்டப் போகிறோம்” என்பதும் பொய். டிராய் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அது யாருடைய இணைப்பையும் துண்டிப்பதில்லை, அதற்காக யாருக்கும் போன் பண்ணுவதும் இல்லை.

ஜூலை 22, 2025. பொள்ளாச்சி

ஆப்பைப் போட்டா என்னதான் நடக்குதுன்னு சொல்லுங்க. யுபிஐ பின் போடுற பக்கம் திரைப் பகிர்வுல கருப்பாத்தானே தெரியும்?

ஜூலை 22, 2025. திருப்பூர்

பின் எண் போடும் பக்கம் பல ஆப்களில் கருப்பாகத் தெரியும் என்பது சரி. அதனால் அவன் அந்தப் பக்கத்தை நம்பியே இருப்பதில்லை.

வழக்கமான வரிசை இது. எனிடெஸ்க், டீம்வியூவர் குவிக்சப்போர்ட் மாதிரி ஒன்றைப் போடச் சொல்வான். இவை நல்ல வேலைக்குச் செய்த மென்பொருள்கள்தான், பிளே ஸ்டோரிலேயே இருப்பதால் பார்க்கிறவருக்குச் சந்தேகமும் வராது. எனிடெஸ்க்கில் 9 அல்லது 10 இலக்க எண் தெரியும். “அது உங்க கம்ப்ளைன்ட் நம்பர், படிங்க” என்பான். படித்தால் அவன் திரையில் உங்கள் கைபேசி. அடுத்து “ரீஆக்டிவேஷன் கட்டணம் 10 ரூபாய்” என்று ஒரு சுட்டி அனுப்புவான். அது அவனே செய்துவைத்த பக்கம். அங்கே கார்டு எண், காலாவதி, சிவிவி அடித்தால் எல்லாம் தெளிவாகத் தெரியும். பின் எண்ணையும் அந்தப் பக்கத்திலேயே கேட்பான். ஓடிபி திரையின் மேலே நோட்டிஃபிகேஷனாக வந்து விழும்போது அதையும் படித்துக்கொள்வான். 10 ரூபாய் போகாது, வேறு தொகை போகும்.

இந்த வகை ஆப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. இப்போது புது ஆப் கூட வேண்டியதில்லை. வாட்ஸ்அப் வீடியோ அழைப்பிலேயே திரையைப் பகிரும் பொத்தான் 2023-இல் வந்துவிட்டது. “ஆப் எதுவும் வேண்டாம், வீடியோ கால்ல வாங்க, ரூட்டரைக் காட்டுங்க” என்று தொடங்கி “அந்தப் பொத்தானை அழுத்துங்க” என்று போகும். ரூட்டரைக் காட்ட கேமரா போதும். திரை எதற்கு?

மூன்றாவது வகை, வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு, அதாவது பிளே ஸ்டோர் இல்லாமல் நேராக ஆப்பைப் போடும் கோப்பு. நிறுவனத்தின் படம் ஒட்டி “பில் அப்டேட்” என்று பெயர் வைத்திருக்கும். போட்டவுடன் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் அதற்குப் பிறகு வரும் ஓடிபி எல்லாம் அவனுக்கும் போகும். திரைப் பகிர்வைப் போல இது அழைப்போடு முடியாது, நீக்கும்வரை உள்ளேயே இருக்கும். எனக்கு இதுதான் மூன்றிலும் மோசமாகப் படுகிறது.

ஜூலை 23, 2025. சென்னிமலை

கம்ப்யூட்டருக்கு வர்ற போனும் இருக்குதுங்க. “உங்க நெட்ல இருந்து வைரஸ் போகுது, ஐபி ஹேக் ஆயிருச்சு”ன்னு.

ஜூலை 23, 2025. திருப்பூர்

அது உலகம் முழுக்கச் சுற்றும் பழைய நாடகம். மூன்று காட்சி தெரிந்தால் போதும்.

விண்டோஸ் பொத்தானும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்தி ஈவென்ட் வியூவரைத் திறக்கச் சொல்வான். சிவப்பும் மஞ்சளுமாக நூற்றுக்கணக்கில் பிழை தெரியும். நேற்று வாங்கிய கம்ப்யூட்டரிலும் தெரியும். ஒரு சேவை இரண்டு நொடி தாமதமாகத் தொடங்கினாலும் விண்டோஸ் அதை அங்கே எழுதிவைக்கும்.

அடுத்து கறுப்புச் சாளரத்தில் அசோக் (assoc) என்ற கட்டளை. கடைசியில் 888 என்று தொடங்கும் நீண்ட எண் வரும். “இது உங்க லைசென்ஸ் ஐடி, என்கிட்டயும் இதேதான் இருக்கு, சரிபார்த்துக்குங்க” என்று படித்துக் காட்டுவான். சரியாக இருக்கும், ஏனென்றால் எல்லா விண்டோஸிலும் அதே எண்தான். அது கோப்பு வகைக்கான குறியீடு, உரிமத்துக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது.

மூன்றாவது நெட்ஸ்டாட் என்ற கட்டளை. அதில் “ஃபாரின் அட்ரஸ்” என்று ஒரு பத்தி வரும். “பாருங்க, வெளிநாட்டுக்காரன் உள்ளே இருக்கான்” என்பான். அந்தச் சொல்லுக்கு அங்கே எதிர்முனை முகவரி என்றுதான் பொருள். உலாவியில் திறந்திருக்கும் பக்கமும் அந்தப் பட்டியலில் வரும்.

பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்ற வகையும் இதோடு ஒட்டியது. வங்கிப் பக்கத்தைத் திறக்கவைத்து, எஃப்12 அழுத்தி, திரையில் இருக்கும் இருப்புத் தொகையை மட்டும் மாற்றி எழுதுவான். 500-க்குப் பதில் 50,000 வந்துவிட்டது, மீதியை அனுப்புங்கள் என்று அழுவான். பக்கத்தை ஒருமுறை ரீஃப்ரெஷ் பண்ணினால் பழைய தொகை திரும்பிவிடும்.

ஜூலை 23, 2025. திருப்பூர், இதுவும் சேர்த்து

பனியன் ஜாப்வொர்க் யூனிட், தறிக்கூடம் வைத்திருப்பவர்கள் கவனிக்க: கணக்குக் கம்ப்யூட்டரில் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் நாள் முழுக்கச் செருகியே இருக்கும், பாஸ்வேர்டு மானிட்டரில் ஒட்டியிருக்கும். திரை அவன் கையில் போனால் அந்தக் கையொப்பமும் போகிறது. வேலை முடிந்ததும் டோக்கனைக் கழற்றி மேசைக்குள் வையுங்கள்.

ஜூலை 25, 2025. ஈரோடு

ஸ்டார் 401 ஸ்டார் போட்டு ஒரு நம்பரை டயல் பண்ணச் சொல்றாங்களே, அது என்னங்க? “லைன் டெஸ்ட்”னு சொல்றாங்க.

ஜூலை 25, 2025. திருப்பூர்

அது அழைப்பை அவன் எண்ணுக்குத் திருப்பிவிடும் குறியீடு. எஸ்எம்எஸ் இதில் போகாது. போன் காலாக வரும் ஓடிபி போகும். உங்கள் வாட்ஸ்அப் கணக்கைப் பறிக்க அதுவே போதும். வங்கியிலிருந்து உறுதிப்படுத்தக் கூப்பிட்டாலும் அவன்தான் எடுப்பான். ஸ்டார் ஹேஷ் 21 ஹேஷ் டயல் பண்ணினால் திருப்பிவிட்டிருக்கிறதா என்று காட்டும்.

ஜூலை 26, 2025. திருப்பூர், திருத்தம்

நேற்று எழுதியது போதாது. இப்படி ஸ்டார், ஹேஷ் போட்டு டயல் பண்ணும் யுஎஸ்எஸ்டி குறியீட்டால் அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. ஆகவே குறியீட்டை நம்பாமல் கைபேசியின் அழைப்பு அமைப்புகளுக்குள் போய் கால் ஃபார்வர்டிங்கைத் திறந்து நேரில் பாருங்கள். முதல் வரி, எல்லா அழைப்பையும் திருப்புவது, அணைந்திருக்க வேண்டும். மற்ற மூன்றில் உங்கள் சிம் நிறுவனத்தின் குரலஞ்சல் எண் இருக்கலாம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வாட்ஸ்அப்பில் இரண்டு அடுக்குச் சரிபார்ப்புக்கான 6 இலக்க எண்ணையும் போட்டுவையுங்கள்.

ஜூலை 26, 2025. கோபிசெட்டிபாளையம்

ஓடிபியை யாருக்கும் சொல்லாதீங்கன்னு ஒரே வரியா வெச்சுக்கலாமுங்களே?

ஜூலை 27, 2025. திருப்பூர்

பெரியவர்களுக்கு அப்படியே சொல்லிவைக்கலாம். ஆனால் சில நிறுவனங்களில் புகாரை முடித்துவைக்க லைன்மேன் ஒரு குறியீடு கேட்பார். அது அவர் வீட்டுக்கு வந்து, வேலை முடிந்து, நெட் ஓடுவதைப் பார்த்த பிறகு, வாசலில் நின்று கேட்பது. எஸ்எம்எஸ்ஸிலேயே எதற்கான குறியீடு என்று எழுதியிருக்கும், முழுவதும் படித்துவிட்டுக் கொடுக்கலாம். போனில் கேட்டால் எதுவானாலும் கொடுக்க வேண்டாம்.

யுபிஐ பின்னுக்கு இந்த விதிவிலக்கும் இல்லை. பின் போட்டால் பணம் வெளியே மட்டும்தான் போகும். பணம் வருவதற்கு அந்தப் பின் எண் தேவையே இல்லை.

ஜூலை 28, 2025. பொள்ளாச்சி

ஏற்கெனவே ஆப் போட்டு, பணமும் போயிட்டா? வரிசையாச் சொல்லுங்க.

ஜூலை 28, 2025. திருப்பூர்

முதலில் இணைப்பை அறுக்க வேண்டும். கைபேசியை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். கம்ப்யூட்டரானால் லேன் ஒயரைப் பிடுங்கி வைஃபையை அணையுங்கள்.

வீட்டில் உள்ள வேறு போனிலிருந்து 1930. சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண். பணம் போன வங்கி, கணக்கு எண், தொகை, நேரம், பரிவர்த்தனை எண் கேட்பார்கள். யுபிஐ என்றால் அது 12 இலக்கம், வங்கி எஸ்எம்எஸ்ஸில் இருக்கும். இதை வைத்துத்தான் பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் முடக்கிவைக்கச் சொல்வார்கள். அவன் அடுத்த கணக்குக்கு மாற்றிப் பணமாக எடுப்பதற்குள் இது நடந்தாக வேண்டும், அதனால் ஒறம்பரையில் யாரைக் கேட்கலாம் என்று யோசிக்கும் நேரம் கூட நஷ்டம். எவ்வளவு திட்டுவார்களோ என்று பயந்து மறைத்துவைக்கும் பெரியவர்கள் உண்டு. வீட்டில் இருப்பவர்கள் அந்த ஒரு மணி நேரம் திட்டாமல் இருந்தால் பணம் மிஞ்ச வழி இருக்கிறது.

அதே கையோடு வங்கிக்குக் கூப்பிட்டு கார்டு, நெட் பேங்கிங், யுபிஐ மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். புகார் எண்ணை வாங்கி நேரத்தோடு எழுதிவையுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, நாமே விவரம் கொடுத்ததால் போன பணம், வங்கிக்குச் சொல்லும் நேரம்வரை நம் கணக்கில் நட்டம். சொன்ன பிறகும் போனால் அது வங்கியின் பொறுப்பு. இதனால்தான் அந்த நேரம் முக்கியம். வங்கி மேலும் நம் மேலும் தப்பில்லாமல் வெளியே எங்கோ ஓட்டையால் போயிருந்தால், 3 வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு நட்டமே இல்லை.

பிறகு சைபர் கிரைம் அரசு இணையதளத்தில் எழுத்துப் புகார். அவன் பேசிய எண், அனுப்பிய சுட்டி, ஸ்கிரீன்ஷாட்டுகள் எதையும் அழிக்காதீர்கள். நேரில் போவதானால் மாவட்டத்து சைபர் கிரைம் காவல் நிலையம். கோவை மாநகரத்துக்கும் புறநகருக்கும் தனித்தனி, எந்த எல்லை என்று கேட்டுக்கொண்டு போங்கள். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி.

பணம் போகவில்லை, அழைப்பு மட்டும் வந்தது என்றால் 1930 வேண்டாம். சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் அந்த எண்ணைப் பதியுங்கள்.

ஜூலை 29, 2025. திருப்பூர், கருவியைச் சுத்தம் பண்ணுவது

கைபேசியில் ஆப்பை நீக்கும்முன், அமைப்புகளுக்குள் போய் ஆக்சஸிபிலிட்டி, டிவைஸ் அட்மின், நோட்டிஃபிகேஷன் அணுகல் மூன்றிலும் தெரியாத பெயர் இருந்தால் அணையுங்கள். அதை அணைக்காவிட்டால் சில ஏபிகே நீங்காது. வாட்ஸ்அப்பில் இணைத்த கருவிகள் பட்டியலையும் பாருங்கள். ஏபிகே போட்டிருந்தால் படங்களை எடுத்துவைத்துவிட்டு ஃபேக்டரி ரீசெட் போடுவதே நிம்மதி. கம்ப்யூட்டரில் எனிடெஸ்க்கை நீக்கினால் மட்டும் போதாது, அவன் வேறென்ன வைத்தான் என்று தெரியாது. அரைமணி நேரம் அவன் கையில் இருந்திருந்தால் விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

ரூட்டர் பக்கத்தையும் அவன் திறந்திருந்தால் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) கட்டத்தில் புதிய எண் இருக்கிறதா என்று லைன்மேனைக் கேளுங்கள். சந்தேகமிருந்தால் பின்னால் உள்ள சிறு துளையில் ஊசியால் 10 நொடி அழுத்தினால் பழையபடி ஆகிவிடும்.

ஜூலை 29, 2025. ஈரோடு

அண்ணா, அந்த ஊசி யோசனையை எடுத்துருங்க. ஃபைபர் பெட்டியில ரீசெட் அழுத்தினா நெட்டுக்குள்ள நுழையுற பிபிபிஓஇ பெயரும், ஆபரேட்டர் போட்டுவெச்ச விலான் எண்ணும் அழிஞ்சுபோகும். அப்புறம் லைன்மேன் வர்ற வரைக்கும் நெட் இல்லை.

ஜூலை 30, 2025. திருப்பூர்

நீங்க சொல்றது சரி. ஓஎன்டியில் ஊசி வேண்டாம், லைன்மேன் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பண்ணலாம். தனியாக வாங்கி மாட்டிய வைஃபை ரூட்டரிலும், பிபிபிஓஇ பெயரும் பாஸ்வேர்டும் கையில் இருந்தால் மட்டும் அழுத்துங்கள்.

காங்கேயத்துக்காரர் தனியாகக் கேட்டது: அம்மாவுக்கு இத்தனையும் ஞாபகம் இருக்காது, பெட்டிக்குப் பக்கத்தில் என்ன எழுதி ஒட்டலாம் என்று. கொட்டை எழுத்தில் லைன்மேன் நம்பர், 1930, அதற்குக் கீழே “போனில் ஆப் போடச் சொன்னால் வைத்துவிடவும்”. வாடிக்கையாளர் எண்ணை அந்தத் தாளின் முன்பக்கத்தில் எழுத வேண்டாம். வீடியோ காலில் “ரூட்டரைக் காட்டுங்க” என்றால் அதுவும் சேர்ந்து தெரியும். அதைத் தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள்.